சால்வைக்கடியில் நாலு விரல்

நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. குன்னூர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் தனசிங்கின் வீட்டில் மட்டும் உண்டு. "நீ கடையில உக்காந்தா கடை போயிரும். பட்டாளத்துக்குப் போனா நாலு வருசத்துக்காவது கடை பொழைக்கும்" என்று சொல்லி, மகன் பெனிஸை அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு அவரே கூட்டிப்போய் நிறுத்தினார். ஓட்டத்தில் எப்படியும் தோற்றுவிடுவோம் என்று நம்பித்தான் பெனிஸ் ஓடினான். தோற்பதிலும் தோற்று, தேர்வாகிவிட்டான்.

பயிற்சி வெலிங்டனில். மற்ற பையன்கள் ரயிலேறி வந்து முறையாகப் பிரிவுத்துயர் கொண்டாட, பெனிஸின் பிரிவு மினிபஸ் தூரத்தில் இருந்தது. மைதானத்தில் இடப்பக்கம் திரும்பினால் பள்ளத்தாக்குக்கு அப்பால், அவன் காதலிக்கும் ஆன்சியின் வீட்டுத் தகரக்கூரை தெரியும். வலப்பக்கம் திரும்பச் சொன்னாலும் அவன் இடப்பக்கமே திரும்பினான். அதற்குப் பரிசாக, துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வைத்தார் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்.

விடியுமுன் விசில், உறைபனியில் ஓட்டம், பிறகு சமையல்கூடத்தில் கிழங்கு உரிப்பு. எந்தக் கிழங்கிடமிருந்து அப்பா அவனை விரட்டினாரோ அது சாக்கோடு பின்தொடர்ந்து வந்தது. ஒருநாள் வந்த மூட்டையில் மேலே தங்கம், அடியில் சொத்தை. அடுக்கிய கை யாருடையது என்று பெனிஸுக்குத் தெரிந்துபோயிற்று. "எவன்டா இதை வித்தவன்?" என்று சமையல்காரர் கத்தியபோது ராணுவ ரகசியம் போலக் காத்தான்.

பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் சங்கிலி, முதுகுளத்தூர்க்காரன். "ஒனக்கெல்லாம் என்னடா ஏக்கம்? சத்தமாக் கூப்பிட்டா அந்தப் புள்ள திரும்பிப் பாக்கும்."

"கூப்பிட்டா அவங்கம்மாதான் திரும்பிப் பாப்பாங்க."

ஆன்சியின் அம்மா தபித்தாளுக்கு, தனசிங் கடைக்கு எதிர்வரிசையில் பூண்டு மண்டி. பேரத்தில் அவளை வென்றவர் மார்க்கெட்டில் இல்லை.

பார்வையாளர் ஞாயிறன்று தாயும் மகளும் வந்தார்கள். கடையை விட மனமில்லாத தனசிங், வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தை அவர்களிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கல்பெஞ்சில் ஆன்சி நடுவே உட்கார்ந்தாள்.

"கோயமுத்தூர்ல இருந்து ஆன்சிக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்க தம்பி" என்றாள் தபித்தாள், வானிலை சொல்வதுபோல. "பையன் பம்ப்செட் கம்பெனி. வர்ற வாரம் பாக்க வர்றாங்க."

பெனிஸின் வாயிலிருந்த வர்க்கி சிமெண்டாயிற்று.

குளிருக்குப் போல ஆன்சி சால்வையை விரித்துவிட்டாள். அதற்கடியில் அவள் கை அவன் கையைத் தேடிப் பிடித்தது. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கை கேட்டது. மண்டியில் பெரிய சரக்குக்கு விலையை வாயால் பேசமாட்டார்கள்; துண்டுக்கடியில் விரல்தான் பேசும். உள்ளங்கையைத் தட்டினால் ஒப்பு. அதற்குமுன் கையை உருவினால் பேரம் முறிந்தது.

அக்னிவீருக்கு நாலு வருடம் முடியாமல் கல்யாணம் கூடாது. சர்க்கார் கடையில் விலை குறைக்க மாட்டார்கள். பெனிஸ் நாலு விரலை நீட்டினான். ஆன்சி ஒன்றை மடக்கினாள். அவன் நிமிர்த்தினான். இன்னொன்றை மடக்கினாள்; அதையும் நிமிர்த்தினான். கொஞ்சநேரம் அவள் கை யோசித்தது. பிறகு நாலையும் சேர்த்துப் பிடித்தது. இனி தட்ட வேண்டியதுதான்.

"சாவ்தான்" என்று விறைத்து நிற்க உத்தரவிட்டது உஸ்தாதின் குரல். அதிகாரியின் ஜீப் வந்துகொண்டிருந்தது.

பெனிஸின் மூளை பெஞ்சிலேயே இருந்தது. உடம்பு மட்டும் எழுந்து விறைத்து நின்றது. இத்தனை நாளில் ஒருமுறைகூட ஒழுங்காக வராத சாவ்தான் அன்றைக்கு அப்பழுக்கில்லாமல் வந்தது. கை சால்வையிலிருந்து உருவிக்கொண்டு தொடையோடு ஒட்டிக்கொண்டது.

ஜீப் போனதும் ஆன்சி சால்வையை மடித்தாள். "வாங்கம்மா, போலாம்."

"ஆன்சி, நான் எடுக்கல. கை தானா வந்துருச்சு."

"அது சர்க்கார் கைங்க. இனி அதை நம்பி யாரு பேசுவா?"

இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். அனுமதியில்லாமல் பெஞ்சைத் தாண்ட அவனால் முடியாது. உஸ்தாதிடம் ஓடி, தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டினான்: "உஸ்தாத், மேரா ஹாத் உதர் ரஹ் கயா." என் கை அங்கேயே தங்கிவிட்டது.

மலையாளியான உஸ்தாத் அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். போகிற பெண்ணையும் பார்த்தார். "கேட் வரை போய்க்கோ. நடந்தல்ல. உருண்டு."

பெனிஸ் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போனான். வந்திருந்த குடும்பங்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன. "தலையக் குனிடா மாப்ள" என்று சங்கிலி பின்னாலிருந்து யோசனை சொன்னான். வானம், சேறு, வானம், ஆன்சியின் செருப்பு. படுத்தபடியே நாலு விரலை நீட்டினான்.

"மொதல்ல எந்திரிங்க" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் கைமேல் சால்வையைப் போட்டாள். இம்முறை எதையும் மடக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு தட்டு.

"நாலுக்குச் சரி" என்று வாய்விட்டே சொன்னாள். "கொசுறு?"

"என்ன வேணும்?"

"அம்மாகிட்ட நீங்களே பேசோணும். இப்பவே."

திரும்பினான். தபித்தாள் தோள் துண்டை வலதுகையின்மேல் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"என் பக்கத்துலயே உக்காந்துட்டு எனக்குத் தெரியாம வியாபாரமுங்களா தம்பி? வாங்க. கோயமுத்தூர்க்காரங்களுக்கு என்ன சொல்றதுன்னு பேசலாம்."

அந்தத் துண்டுக்கடியில் கைவிட்டு அப்பா ஒருநாளும் ஜெயித்ததில்லை. பெனிஸ் உஸ்தாதைப் பார்த்தான், இன்னொரு சாவ்தான் சொல்லமாட்டாரா என்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தார்.

கையிலிருந்த சேற்றைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு பெனிஸ் கையைத் துண்டுக்குள் நுழைத்தான்.