குருநாதன் வீட்டுக் கேமரா

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அது மாட்டியிருந்த கொண்டியைத்தான் அறுத்திருந்தார்கள். மகேஸ்வரி வண்டியின் பின்பக்கம் ஏறி, இரும்புப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய்க் கறை படிந்த சாக்கு ஒன்று மூலையில் சுருண்டு கிடந்தது. மரம் அறுக்கும் மெஷின் இரண்டும் இல்லை. அரம், கடப்பாரை, கோடாலி, கட்டியிழுக்கும் சங்கிலி, எதுவும் இல்லை.

கீழே தூக்குச்சட்டியோடு நின்ற காளிராஜ், "என்ன பாத்துக்கிட்டே நிக்கிற?" என்றான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். அவன் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு முன்னால் ஏறப் போனான். அவள் மறுபடியும் சொன்னாள். "பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லங்கிறேன்."

அன்றைக்கு மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு தோப்பில் சீமைக்கருவேலம் வெட்டும் வேலை. யாரோ அங்கே ஓட்டல் கட்டப்போகிறார்களாம். வெட்டிய மரத்தை ஏற்றி வந்து கரி மூட்டம் போட்டால் அந்தக் காசும் இவர்களுக்குத்தான். காளிராஜ் அறுப்பான், மகேஸ்வரி வண்டி ஓட்டுவாள். கடலாடி சுற்றுவட்டாரத்தில் லோடு வண்டி ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான் என்பதால், டீக்கடைகளில் அவளைத் திரும்பிப் பார்க்காதவர்கள் கிடையாது. முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது.

வண்டி வாங்குவதற்கு முன்னால் இருவருக்கும் குருநாதன் நிலத்தில்தான் வேலை. அவள் மிளகாய் பறித்தாள், அவன் மருந்தடித்தான், வரப்பு வெட்டினான். ஊரில் பாதி நிலம் குருநாதனுக்கு. இவர்கள் வண்டி வாங்கி வந்த அன்று அவர் கேட்டில் சாய்ந்துகொண்டு, "இனிமே மொளகாய் பறிக்க நாந்தான் போகணும்போல" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மகேஸ்வரியும் சிரித்தாள். அந்த வருடம் மிளகாய்ப் பழப்பறிப்புக்கு அவர் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியிருந்தது.

இவர்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது. மெயின் ரோட்டில் குருநாதன் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் நிறுத்துவார்கள். அவர் வீட்டுக் கேட்டின் மேல் கேமரா இருந்தது. அது ரோட்டைப் பார்த்திருந்ததால் வண்டிக்குக் காவல் என்று இவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அந்தக் கேமரா ஞாபகம் வந்ததும் காளிராஜுக்கு உயிர் வந்தது. இருவரும் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்கள். குருநாதன் வாயில் பல்பொடியோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார், அறுபட்ட கொண்டியைத் தடவினார், உச்சுக்கொட்டினார்.

"கேமராவா? அது இடி விழுந்ததுல போச்சே. ஆளு வாரேன் வாரேன்னு ஏமாத்திக்கிட்டு இருக்கான். இப்படியாகும்னு தெரிஞ்சா நானே கூட்டியாந்து போட்டிருப்பேன்லே."

போலீஸ் ஸ்டேஷனில் யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். யார் மேலும் இல்லை என்றான் காளிராஜ். சந்தேகமே இல்லை என்றால் நாங்கள் யாரைப் பிடிப்பது என்று அவனையே திருப்பிக் கேட்டார்கள். மண்டபத்து வேலை வேறு ஆளுக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து, குருநாதன் காளிராஜை மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார். திரும்பி வந்தவன் முகம் பேயறைந்தமாதிரி இருந்தது. மகேஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கேமரா ஓடியிருக்கு" என்றான் கடைசியில். "எடுத்தவன அவரு பாத்திருக்காரு. பாத்துட்டு அழிச்சிட்டாராம்."

"எதுக்கு அழிக்கணும்?"

"நம்ம நல்லதுக்காம். 'ஏலே காளி, நீ பாத்தா தாங்கமாட்ட. வெளிய தேடாத, ஒன் தெருவுக்குள்ள தேடு. இன்னங் கிட்டத்துல தேடு'ன்னாரு. அதுக்கு மேல கேக்காதன்னுட்டாரு."

இன்னும் கிட்டத்தில் என்றால் யார்? அடுத்த வீட்டில் காளிராஜின் தம்பி தவசி இருந்தான். கூட வேலைக்கு வருகிறவன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். சொந்தமாக வேலை பிடித்துச் செய்கிறேன், ஒரு மெஷினைக் கொடு என்று போன மாதம் கேட்டு, காளிராஜ் முடியாது என்று சொல்லியிருந்தான். அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கொஞ்சம் குறைந்திருந்தது.

"தவசி அப்படிச் செய்யமாட்டாப்ல" என்றாள் மகேஸ்வரி.

"நான் அவன் பேர எடுத்தேனா?" என்றான் காளிராஜ்.

எடுக்கவில்லைதான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் தம்பியைப் பார்க்கும் பார்வை மாறியது. தவசி புதுச் செருப்புப் போட்டால் பார்த்தான். அவன் மனைவி யுவராணி கடைக்குப் போய்வந்தால் அவள் பையைப் பார்த்தான். மகேஸ்வரி இதையெல்லாம் கவனித்தாள். கவனிக்கிற சாக்கில் தானும் அந்தப் பையைப் பார்த்தாள் என்பதை அவளால் மறுக்க முடியாது.

ஒரு சாயங்காலம் காளிராஜ் குடித்துவிட்டுத் தம்பி வீட்டுக்குள் போனான். பரணில் ஏறினான். நெல் மூட்டையை உருட்டினான், கட்டிலுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் வாசலில் வாரிப் போட்டான். தவசி தடுக்கவில்லை. சுவரோரம் நின்று அண்ணன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவே கூடிவிட்டது. மகேஸ்வரி நிலைப்படியில் நின்றாள். புருஷனை இழுத்துவரத்தான் போனாள். ஆனால் உள்ளே போகவில்லை. எங்கேயாவது அகப்பட்டுவிடுமோ என்று அவள் கண்ணும் பரணையே பார்த்தது. யுவராணி அவளை ஏறிட்டுப் பார்த்து, "நீங்களும் வந்து தேடுங்கக்கா. ஒருத்தரால முடியுமா?" என்றாள்.

எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தவன் வீட்டிலா வைத்திருப்பான், எப்போதோ விற்றிருப்பான் என்றார்கள். மறுவாரம் தவசி குடும்பத்தோடு பாம்பனுக்குப் போய்விட்டான். கதவைப் பூட்டினானே தவிர, சாவியை அண்ணன் வீட்டில் கொடுக்கவில்லை.

காளிராஜும் மகேஸ்வரியும் மறுபடி மிளகாய்க் காட்டுக்குப் போனார்கள். வண்டிக்கு வாடகை கிடைத்த நாட்களில் அவள் ஓட்டினாள், கிடைக்காத நாட்களில் பழம் பறித்தாள். குருநாதன் வரப்பில் வந்து நின்று, "என்னத்தா, டிரைவரம்மா" என்பார். கிண்டல் மாதிரியும் இருக்காது, பிரியம் மாதிரியும் இருக்காது.

பழப்பறிப்பு முடிகிற சமயம், ராமநாதபுரத்திலிருந்து ஹாஜா முகைதீன் போன் செய்தார். மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இவர்களுடைய மெஷின்களை ஆரம்பத்திலிருந்தே அவர்தான் பார்த்து வந்தார்.

"தங்கச்சி, ஒங்க மெஷின் இங்கன சர்வீசுக்கு வந்திருக்கு. பச்சைக் கைப்பிடி நான் மாட்டினதுதான். வேற மெஷின்ல இருந்து கழட்டி மாட்டினேன், ஞாபகம் இருக்கா? இந்தக் கலர்ல வேற ஆள்ட்ட இருக்காது. கொண்டாந்தவரு மூணு மணிக்கு வாராரு. நீங்க வந்துருங்க."

காளிராஜ் அன்று குருநாதனின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தான். மகேஸ்வரி தனியாகவே வண்டியை எடுத்துப் போனாள். ஆரஞ்சு மெஷின் பெஞ்சின் மேல் இருந்தது. பச்சைக் கைப்பிடி. அவள் அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தாள்.

வந்தவர் உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். விவரத்தைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார். ஹாஜா முகைதீன் டீ வாங்கிக் கொடுத்து நிதானமாகப் பேசியபின், "நான் திருட்டுச் சாமான் வாங்குற ஆளில்லம்மா. ஒங்க ஊரு பெரிய வீட்டுப் பையன்கிட்டத்தான் வாங்கினேன். வசந்தகுமார். அப்பா பேரு குருநாதன். ரெண்டு மெஷின் இருந்துச்சு, ஒண்ணத்தான் நான் எடுத்தேன். தோப்பு வேலை முடிஞ்சிருச்சு, அப்பா விக்கச் சொன்னாருன்னான். நம்பமாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

குருநாதனின் ஒரே மகன். இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டில் இருந்தான். போனில் சீட்டு விளையாடித் தோற்கிறான் என்று ஊரில் பேச்சு உண்டு. கேட்டிலிருந்து வண்டிக்கு நாலு எட்டு வைத்தால் போதும். அவனைக் கேமராவில் பார்த்த அப்பனால் என்ன செய்திருக்க முடியும் என்று மகேஸ்வரி வரும் வழியெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அழித்திருக்கலாம். கேமரா ஓடவில்லை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவரைக்கும் அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் யோசித்து, காளிராஜைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனது ஏன் என்றுதான் புரியவில்லை.

வண்டியைச் சுற்றுச்சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு நேராகக் கேட்டைத் திறந்து உள்ளே போனாள். குருநாதன் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுக்கவில்லை.

"சத்தம் போடாதத்தா. அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். "புது மெஷினாவே வாங்கித் தாரேன். ரெண்டு. ஒங்களுக்கு நட்டமில்லல்ல?"

"எங்க கொழுந்தன் பேரு கெட்டுப்போச்சே."

"நான் யாரு பேரையும் சொல்லலையே. தெருவுக்குள்ள தேடுன்னு சொன்னேன். தம்பி வீட்டுப் பரணுல ஏறச் சொன்னது யாரு? நானா?"

அவர் தைலப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, காளியை வரச்சொல், நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

காளிராஜிடம் அவள் சொன்னபோது, அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். தம்பியை நினைத்து அழுதான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு குருநாதன் வீட்டுக்குப் போனான். கிளம்பும்போது மகேஸ்வரி ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றதற்கு, "போனா? மெஷின் பழசாத் திரும்பி வரும், அதுவும் கோர்ட்டுல கிடந்து துருப்பிடிச்சி வரும். அப்பறம் இந்த ஊர்ல நாம இருக்கணும்ல" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் பார்க்கக் குருநாதன் புது மெஷின் இரண்டையும் காளிராஜ் கையில் கொடுத்தார். பிழைக்கிற பையன், சாமானைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான், பார்க்கப் பொறுக்கவில்லை என்றார். யார் செய்வார்கள் இந்தக் காலத்தில் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். காளிராஜ் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். வசந்தகுமார் அதைப் போனில் போட்டோ எடுத்தான்.

மகேஸ்வரி மறுநாள் பாம்பனுக்குப் போனாள். தவசி படகுகளுக்கு ஐஸ் சுமக்கும் வேலையில் இருந்தான். பனியன் நனைந்து, தோளில் சாக்குத் துணி போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். வாங்க மதினி என்று சொல்லவில்லை. ஐஸ் வண்டியின் நிழலில் வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊருக்குள்ள சொல்லிட்டீகளா?" என்றான்.

"இன்னம் இல்ல."

"மெஷின் வாங்கிட்டீக."

"ஒங்க அண்ணந்தான் வாங்குச்சு."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ல வந்தீக மதினி? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போய் ஒரு பாளம் ஐஸைத் தோளில் ஏற்றினான். படகுக்குப் போய்த் திரும்பி வந்தான், இன்னொரு பாளத்தை ஏற்றினான். அவள் நின்றிருந்த பக்கம் பார்க்கவில்லை. யுவராணியைப் பார்க்கலாம் என்று வீடு எங்கே என்று கேட்டாள். "வேணாம். அவ நல்லாத் திட்டுவா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவள் நன்மைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

ஊருக்குத் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். பெண்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகேஸ்வரி உட்காரவில்லை. நின்றபடியே, தன் சாமானை எடுத்தது குருநாதன் மகன் வசந்தகுமார்தான், தவசி இல்லை, இது குருநாதனுக்கும் தெரியும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

ஒருத்தி குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்தினாள். ராக்கு என்ற பெண், குருநாதன் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள், மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அந்தப் பய பெட்டிய அறுத்தது எனக்கு அப்பவே தெரியும். என்னத்தச் சொல்ல? நான் அந்த வீட்டுச் சோறு திங்கிறேன்."

"தவசி வீட்டப் பொரட்டும்போது நீயும் நின்னு பாத்தியே."

"நீயும்தான நின்ன" என்றாள் ராக்கு. "அதான் புது மெஷின் வந்திருச்சே. பெறகென்ன?"

மகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். வாசலில் காளிராஜ் உட்கார்ந்து புது மெஷினின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உச்சிப்புளியில் ஒரு வேலை வந்திருக்கிறது, காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றான். அவள் வண்டிச் சாவியை அவன் பக்கத்தில் வைத்தாள். தனக்கு ஓட்டத் தெரியாது என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தான்.

"வேற டிரைவரப் பாரு" என்றாள் அவள். "நான் மொளகாய்க் காட்டுக்குப் போறேன். அங்கன அந்தாளு என்ன கூலி குடுத்தாலும் அது வேலைக்குக் குடுத்ததா இருக்கும்."