ஐந்து படங்களில் ஒரு நீலக் கேன்

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கடல் கடந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கும் திரை வழியே தொடர்பு ஏற்பட்டது. இரண்டு பள்ளிகளும் வாராவாரம் பிளாஸ்டிக் குப்பையைச் சேர்த்து, தரம் பிரித்து, நிறுத்து, படம் எடுத்து, ஒரே அட்டவணையில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திரையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேச வேண்டும். அதுதான் திட்டம். அவர்களுக்கு அது காலை நேரம். ஈரத் தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். எங்களுக்கு வியர்த்து வழிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம்.

முதல் வாரமே மூக்கறுபட்டது. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் சேர்ந்து கொண்டுவந்தது ஆறு கிலோகூடத் தேறவில்லை. சோம்பல் காரணமில்லை. எங்கள் வீடுகளில் பாட்டில் அவ்வளவு சீக்கிரம் குப்பையாகாது. தண்ணீர் பாட்டிலாக வரும், பிறகு எண்ணெய் பாட்டிலாகும், பிறகு பினாயில். கடைசியில் அதன் கழுத்தை வெட்டி, பல் துலக்கும் பிரஷ் போட்டு வைப்பார்கள். அது வெடித்த பிறகுதான் பழைய பொருள் கிடங்குக்குப் போகும். அந்தப் பள்ளிக்கூடம் முதல் வாரம் நூற்றுப் பத்து கிலோ ஏற்றியிருந்தது. அட்டவணையின் வரைபடத்தில் அவர்களுடைய பச்சைக் கம்பம் மேல்கோட்டைத் தொட்டது. எங்களுடையது தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது.

அறிவியல் சார் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, யார் வீட்டுலயாவது பழைய பொருள் கிடங்குல ஆள் பழக்கம் உண்டா?"

வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அம்மா அந்தக் கிடங்கில்தான் பதினோரு ஆண்டுகளாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா லாரியோடு போய்விடுவார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மாவுக்கு ஒரு பாட்டிலின் ரகம் தெரிய அதன் அடியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. காதருகே வைத்து ஒரு கசக்கு, சத்தத்திலேயே தெரிந்துவிடும். சந்தேகமென்றால் நகத்தால் கீறிப் பார்ப்பாள். அதற்கும் மசியாவிட்டால் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். மூடி மிதக்கும், பாட்டில் முங்கும். அவள் உட்காரும் இடம் ஒரு பழைய நீலக் கேன். பிடி உடைந்தது, ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட் சிந்திக் காய்ந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு சாக்கை மடித்துப் போட்டால் அவளுக்கு அதுதான் நாற்காலி.

மறுநாள் சாயங்காலம் அறிவியல் சார் கிடங்குக்கே வந்துவிட்டார். செருப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாட்டில் குவியலுக்கு நடுவே நின்றார். அம்மா எழுந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் மூட்டைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. நிறுத்து, படம் எடுத்துட்டு, திங்கக்கிழமை அப்படியே திருப்பி அனுப்பிடறோம்."

"வாராவாரமா சார்?"

"வாராவாரந்தான்."

"லாரி மாசத்துக்கு ஒருதரந்தான் சார் வரும். அதுவரைக்கும் இருக்குற சரக்கேதான திரும்பத் திரும்ப வரும்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா. உங்க பொண்ண ஒருநாள் திரையில பேச வைக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைங்களோட. இங்கிலீஷ்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சரக்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிடங்கு முதலாளியிடம் அவளே போய் நின்று, ஒரு பாட்டில் குறைந்தாலும் தன் தலையில் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினாள்.

மூட்டைகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்குப் புயல் என்று பெயர். அந்தத் தெருவிலேயே மெதுவாக வண்டி மிதிப்பவர் அவர்தான். ஏற்ற வந்த அன்று அம்மாவின் இருக்கையைக் கண்ணால் அளந்தார்.

"அக்கா, உன் சிம்மாசனம் மட்டும் ஒரு கிலோ தேறும்போல. ஏத்திக்கவா?"

"ஏத்து, ஏத்து. திங்கக்கிழமை திரும்பி வரலேன்னா உன் முதுகு மேலதான் உக்காருவேன்."

"உக்காரு. நீயாவது வண்டிய ஓட்டு, நான் படுத்துக்கறேன்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அம்மா செங்கல்லில் உட்கார்ந்தாள்.

படத்தில் நன்றாக விழ வேண்டுமே என்று அவள் பாட்டில்களைக் கழுவினாள். ஒட்டியிருந்த காகிதங்களை உரித்தாள். மூடிகளை நிறம் வாரியாகத் தனித்தனிப் பையில் கட்டினாள். இதெல்லாம் அவள் வேலையில் சேர்த்தியில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் செய்தாள். இரண்டாம் வாரம் எங்கள் கம்பம் நூற்று எண்பது கிலோவில் போய் நின்றது. மூன்றாம் வாரமும் நூற்று எண்பது என்றால் நன்றாக இருக்காதென்று சார் நூற்று எண்பத்தேழு என்று ஏற்றினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பாள். எங்களுக்குள் அவள் பெயர் கம்பிப்பல். அந்தப் பள்ளியிலேயே எங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். மூன்றாவது சந்திப்பில் அவள் கேட்டாள்: இவ்வளவு சுத்தமாக யார் பிரிக்கிறார்கள்? எங்களால் மூடியைக்கூடச் சரியாகக் கழற்ற முடிவதில்லையே.

"எங்கள் மாணவர்கள்தான்" என்று சார் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் முதல் வரிசையில் இருந்தேன். அம்மாவின் விரல்களில் கீறல் இல்லாத இடம் கிடையாது. என் கைகள் வழுவழுவென்று இருந்தன. அவற்றை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை. வாயைத் திறந்திருக்கலாம்.

ஆறாவது சந்திப்பில் கம்பிப்பல் எங்கள் ஐந்து வாரப் படங்களை ஒன்றாகத் திரையில் போட்டாள். ஐந்திலும் ஒரே இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். வட்டத்துக்குள் நீலக் கேன், உடைந்த பிடி, வெள்ளை பெயிண்ட். அவள் குற்றம் சாட்டவில்லை. இன்றைக்கும் அதை நான் உறுதியாகச் சொல்வேன். இது ஒரே கேனா, இல்லை உங்கள் ஊரில் எல்லாக் கேனும் இப்படித்தான் உடையுமா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சார் குனிந்து சுவரில் இருந்த இணைப்பைப் பிடுங்கினார்.

"கரண்டு போயிடுச்சு" என்றார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த எங்கள் தெருத் தையல்காரர் மகள் என் விலாவில் இடித்தாள். "உங்கம்மா நாற்காலிடி" என்று சிரித்தாள்.

அடுத்த புதன்கிழமை சார் என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பதினான்கு வரி. பொருள் கொடுத்து உதவியவர்கள் எங்களை ஏமாற்றி ஒரே மூட்டைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் படிப்பறிவு இல்லாதவர்கள், மாணவர்களுக்கும் ஆசிரியருக்கும் இது தெரியாது, வருந்துகிறோம். அதுதான் சாரம்.

"சார், இது எங்கம்மா."

"உங்கம்மா பேர் எங்கயாவது இருக்கா? பாரு. 'அவர்கள்'னுதான போட்டிருக்கேன்?"

"அம்மா அன்னைக்கே கேட்டாங்க சார், அதே சரக்குதான வரும்னு."

"கேட்டாங்க. நான் இல்லேன்னா சொல்றேன்? இப்ப அதச் சொன்னா திட்டத்துலேர்ந்து பள்ளிக்கூடத்தையே தூக்கிடுவாங்க. நாற்பத்திரண்டு பேரும் உன்னத்தான் பாப்பாங்க. உன்னால படிக்க முடியலேன்னா சொல்லிடு. தையல்காரர் பொண்ணுக்கும் உச்சரிப்பு நல்லாத்தான் இருக்கு."

சார் மிரட்டியதால் படித்தேன் என்று எழுதிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். உண்மை அதுவல்ல. ஆறு வாரமாக முதல் வரிசையில் உட்கார்ந்தும் ஒருநாளும் என் குரல் அந்தத் திரைக்குப் போனதில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டு நாள் பழகினேன். 'ஏமாற்றி' என்பதற்கு அவர் போட்டிருந்த ஆங்கிலச் சொல் மட்டும் நாக்கில் இடறியது. அதை மட்டும் தனியாக முப்பது தடவை சொன்னேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேச விடறாங்களா?"

"ம்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"நான் வரலாமா?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அவளோ அதற்குள் அரைநாள் விடுப்பு கேட்க என்ன சொல்வதென்று தனக்குள்ளேயே பேசிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் இஸ்திரி போட்ட துணியில் வந்தாள். விரல்களைச் சீயக்காய் போட்டுத் தேய்த்திருந்தாள். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. அவளைப் பார்த்ததும் சாரின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "வாங்கம்மா, பின்னாடி உக்காருங்க" என்று கடைசி பெஞ்சைக் காட்டினார்.

படித்தேன். பதினான்கு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அந்த முப்பது தடவைச் சொல் பிசிறில்லாமல் வந்தது. அந்தப் பக்கத்து ஆசிரியை, அவர்கள் யார், இன்னும் உங்களோடு தொடர்பில் இருக்கிறார்களா என்று கேட்டார். சார் தயங்கவே இல்லை. காமிராவைக் கடைசி பெஞ்சின் பக்கம் திருப்பி, கையை நீட்டி அம்மாவைக் காட்டினார்.

திரையில் இருந்த அத்தனை ஈரத் தலைகளும் அம்மாவைப் பார்த்தன. அம்மா எழுந்தாள். வெட்கப்பட்டாள். கையைத் தோள்வரை உயர்த்தி ஆட்டினாள். கம்பிப்பல் மட்டும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

அதோடு முடியவில்லை. இனி ஒருமுறை எடை போட்ட பொருளை மறுபடி நிறுக்க முடியாதபடி அடையாளம் போட வேண்டும் என்று அந்த ஆசிரியை யோசனை சொன்னார். சார் உடனே சிவப்பு பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். தயாராகத்தான் வைத்திருந்தார். நீலக் கேனை மேசை மேல் ஏற்றி, எல்லாரும் பார்க்க, நான்தான் முதல் பெருக்கல் குறியைப் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரே ஒருத்தி கை தட்டினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்: "என்ன பேசுன? ஒருதரம் சொல்லு."

"எப்படி தரம் பிரிக்கணும்னு பேசுனேன்."

"என்னப் பத்தி சொன்னியா?"

"ம். எங்கம்மாதான் சொல்லிக்குடுத்தாங்கன்னு சொன்னேன்."

"அதான பாத்தேன். அதான் சார் என்னப் பாத்துக் கையக் காட்டினாரு." கொஞ்ச தூரம் நடந்தபின், "என் நாற்காலிக்கு ஏன் பெயிண்ட் அடிச்ச?" என்றாள்.

"ஞாபகத்துக்கு" என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வகுப்பு நூற்று எண்பது கிலோவுக்கும் சிவப்புக் குறி போட்டது. திங்கட்கிழமை புயல் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போனார். முதலாளி ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாராம். வெள்ளைப் பாட்டிலில் பெயிண்ட் பட்டால் ஆலை எடுக்காது. உருக்கும்போது நிறம் கலந்துவிடும். இது அம்மாவுக்குத் தெரியும், புயலுக்குத் தெரியும், கிடங்கு வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் மறுசுழற்சி படித்த நாங்கள் மட்டும்தான்.

"குடுத்தது நீ. நீயே உக்காந்து சுரண்டு. அதுவரைக்கும் வேற மூட்டையத் தொடாத" என்று முதலாளி அம்மாவிடம் சொல்லிவிட்டார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் புயல். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். எப்போதும் ஏதாவது சொல்லி வம்பிழுப்பவர் அன்று என் முகத்தையே பார்க்கவில்லை.

"தையல்காரர் பொண்ணு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுது, நீ இங்கிலீஷ்ல என்ன படிச்சேன்னு. அக்கா காதுக்கும் போயிடுச்சு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நீலக் கேன எடுத்துட்டுப் போகச் சொல்லிச்சு. வேணாமாம்." வண்டியில் ஏறி மிதித்தார். அன்றைக்குத்தான் அவர் வேகமாகப் போய்ப் பார்த்தேன்.

அந்த வாரம் அட்டவணையில் எங்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் வந்திருந்தது. தவறைத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டதற்காகக் கடல் கடந்த பள்ளி எங்களுக்குக் கொடுத்தது.

நான் கிடங்குக்குப் போனேன். அம்மா செங்கல்லில் உட்கார்ந்து, ஒரு பிளேடாலும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் பாட்டில் பாட்டிலாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மடி முழுக்கச் சிவப்புத் துகள். சுத்தம் செய்தவை ஒரு கைப்பிடி அளவு; செய்ய வேண்டியவை கூரை வரைக்கும் இருந்தன. நான் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"நல்லாத்தான் பேசுன" என்றாள். "ஒரு எடத்துலகூட தடுக்கல."

நான் ஒரு பாட்டிலை எடுத்தேன். கீழே கிடந்த இன்னொரு பிளேடையும் எடுத்தேன். அம்மா கையை நீட்டி இரண்டையும் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம். கை கிழிஞ்சுடும்" என்றாள். "வெள்ளிக்கிழமை திரையில காட்டணும்ல."