மீசையைப் பார்த்துப் படித்த கடிதம்

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது என் எழுத்தரைத் தவிர என் ஆட்களில் ஒருவனுக்கும் இன்றுவரை தெரியாது. முந்நூறு ஈட்டிக்காரர்களுக்குத் தலைவன், ஏழு வருஷம் கோயிலில் இருந்து படித்தவன் என்று இந்தப் பக்கமெல்லாம் எனக்குப் பேர். படித்தேனாம், என் தலை!

ஒன்பது வயதில் அப்பா என்னைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய், மலைமேல் தோசென் துறவியின் கோயிலில் விட்டார். என் சின்ன வாளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே யாருக்கும் வாள் கிடையாது. காலையில் புத்த சூத்திரம் ஓதுவது, பார்லிக் கஞ்சி, முள்ளங்கி ஊறுகாய், அப்புறம் பொழுது சாயும் வரை எழுத்து. முதல் வருஷம் எங்கள் பாஷையின் நாற்பத்தேழு சின்ன எழுத்துகள். பெண்களும் குழந்தைகளும் கடிதம் எழுதுவது அதில்தான். அது எனக்கு வந்தது. அடுத்த வருஷம் சீனத்து எழுத்துகளை ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தன, பாவிகள். வாள் கட்டியவனுக்கு வரும் கடிதமெல்லாம் அதில்தான் வரும். அது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை.

அங்கே எழுதின தாளிலேயே திரும்பத் திரும்ப எழுதுவோம். நாலு நாளில் தாள் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். மை ஈரமாக மினுங்கும்போதுதான் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும், காய்ந்தால் எல்லாம் ஒரே கறுப்பு. தோசென் என் பக்கம் வருவதற்குள் ஊதி ஊதிக் காயவைத்துவிட்டு, "எழுதியாச்சு சாமி" என்பேன். மாசக் கடைசியில் வெள்ளைத்தாளில் எழுதிக் காட்ட வேண்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்கிகு எழுதித் தருவான்.

சென்கிகு ஆற்றுக்கு அக்கரைக் குடும்பத்துப் பிள்ளை. ஒல்லிக்குச்சி. அவனை அடிக்க வந்தவனை நான் அடிப்பேன், எனக்கு வேண்டியதை அவன் எழுதுவான். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

ஒரு புத்தாண்டுக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சென்கிகுவிடம் புலம்பினேன்.

"அப்பா எல்லார் முன்னாடியும் கடிதத்தை நீட்டுவார்டா. செத்தேன்."

"அட மக்கு," என்றான் சென்கிகு. "மனசுக்குள்ள படிக்கிற மாதிரி பண்ணு. தாளைப் பிரி. ஆனா தாளை மட்டும் பார்த்துடாதே. பார்த்தேன்னா, நீ திருதிருன்னு முழிக்கிறதே உன்னைக் காட்டிக் குடுத்துடும். தாளுக்கு மேலே, எதிர்ல நிக்கிறவன் மீசையைப் பாரு. பத்து மூச்சு எண்ணு. 'உம்'னு சொல்லு. மடிச்சு உள்ளே வச்சுக்கோ. பெரிய மனுஷங்க எல்லாம் அப்படித்தான் படிப்பாங்க."

"மீசை இல்லாத ஆளா இருந்தா?"

"மூக்கு இருக்கும்ல?"

அப்பாவுக்கு நல்ல மீசை. பத்து மூச்சு எண்ணி, 'உம்' என்றேன். அவருக்கும் படிக்கத் தெரியாது. என் மகன் படிக்கிறான் என்று மனுஷன் கண் கலங்கிவிட்டார். அதன்பிறகு இருபத்தைந்து வருஷம் அந்த 'உம்'மை வைத்தே காலத்தை ஓட்டினேன். பிரபுவிடமிருந்து கடிதம் வந்தால் மீசை, மூச்சு, 'உம்'. அப்புறம் என் எழுத்தர் தனியாக வந்து காதோடு படித்துச் சொல்லுவார்.

போன வசந்தத்தில் என் பிரபுவும் சென்கிகுவின் பிரபுவும் மோதிக்கொண்டார்கள். சென்கிகு காவல் காத்த சின்னக் குன்றுக்கோட்டையைச் சுற்றி வளைக்கும் வேலை என்னிடமே வந்தது. அவனைச் சரணடையச் சொல்லிப் பார்க்கிறேன் என்று பிரபுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள் கொடுத்தார். மறுநாள் நடுப்பகலுக்குள் சென்கிகு வாசலைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஓர் உயிரையும் தொடவேண்டாம், இல்லாவிட்டால் ஒருத்தரையும் விடவேண்டாம் என்றார். நான் சொன்னபடி நடக்கிறேனா என்று பார்க்க கென்பா என்கிற தன் ஆளையும் கூடவே அனுப்பினார்.

அதையெல்லாம் ஒரு சிப்பாயிடம் வாய்மொழியாகச் சொல்லிக் கோட்டைக்குள் அனுப்பினேன். மறுநாள் காலை வெயில் ஏறும்போது அவன் திரும்பி வந்தான். கையில் மடித்த தாள்.

"வாயால ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்க. உங்க கையிலதான் குடுக்கணும், நீங்கதான் படிக்கணும்னாரு."

என் எழுத்தர் காய்ச்சலில் ஊரிலேயே தங்கிவிட்டார். சுற்றி முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே கென்பா, அடர்த்தியான மீசையோடு.

"என்ன சொல்றார் உங்க பள்ளிக்கூடத்துக் கூட்டாளி?" என்றான். குரலில் அத்தனை எகத்தாளம்.

தாளைப் பிரித்தேன். மீசையைப் பார்த்தேன். பத்து மூச்சு எண்ணினேன். 'உம்' என்று சொல்லி மடித்துக் கவசத்துக்குள் செருகினேன்.

"அது சரி, என்னதான் எழுதியிருக்கார்?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். வருகிறவன் வருகிறேன் என்று வாயாலேயே சொல்லி அனுப்புவானே, இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறான் என்றால் வீம்புக்கு மறுக்கிறான் என்று நினைத்தேன். "வரமாட்டானாம்" என்றேன். நடுப்பகலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோயில் பக்கத்து மலைதான். குதிரையைத் தட்டிவிட்டால் தோசெனிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

"வரமாட்டாரா? அப்புறம் நடுப்பகல் வரைக்கும் எதுக்கு வெயில்ல காயணும்? சங்கை ஊதச் சொல்லுங்க" என்றான் கென்பா.

'பொறு, எனக்குப் படிக்க வராது.' சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். வாய்வரைக்கும் வந்தது. முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். நான் பேசாமல் நின்றேன். என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சங்கை ஊதிவிட்டார்கள்.

கோட்டையின் கிழக்கு வாசலில் தாழ்ப்பாள் இல்லை. ஏற்கெனவே எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், இடுப்பில் வாளில்லாமல், கையை விரித்துக்கொண்டு சென்கிகு. "நிறுத்துங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் அவனையும் சேர்த்துப் பதினோரு பேர் செத்து விழுந்துவிட்டார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயதுகூட இருக்காது.

"என்ன தந்திரம் பண்ணினாங்களோ! நல்லவேளை, நாம முந்திக்கிட்டோம்" என்றான் கென்பா.

அன்று மத்தியானமே கோயிலுக்குப் போனேன். வாசலில் என் வாளை வாங்கி வைத்தார்கள். உள்ளே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தோசெனுக்குப் பார்வை கொஞ்சம் மங்கியிருந்தது. தாளைப் பிரித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இதை எதுக்குடா எங்கிட்டே கொண்டு வந்தே?"

"எனக்குப் படிக்க வராது சாமி. அன்னிக்கும் வராது. எல்லாம் அவன்தான் எழுதிக் கொடுத்தான்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? இது உனக்கு வரும். படி."

அவர் நீட்டிய தாளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சீனத்து எழுத்து ஒன்றுகூட இல்லை. முதல் வருஷத்து நாற்பத்தேழு எழுத்துகள்தான், குழந்தைக்கு எழுதுவதுபோலப் பெரிது பெரிதாக. விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரக்கப் படித்தேன். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கிழக்கு வாசலைத் திறந்து வைக்கிறேன். நடுப்பகலில் வாளில்லாமல் வருகிறோம். பிள்ளைகள் பட்டினி, கஞ்சி காய்ச்சி வை. உன் சிப்பாயிடம் வாயால் சொன்னால் எங்களைக் கோழைகள் என்று சிரிப்பார்கள், அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் மீசையைப் பார்க்காதே. தாளைப் பார்."