சலூன்காரரின் இரண்டாவது லென்ஸ்

முதல் அறுவையில் கண்புரை போயிற்று. ஆனால் கண்ணுக்குள் லென்ஸைத் தாங்க வேண்டிய மெல்லிய சவ்வுப் பை கிழிந்துபோனதால், சலூன்காரரின் வலது கண் லென்ஸ் இல்லாமலே வீடு திரும்பியது. தடித்த கண்ணாடி போட்டால் அந்தக் கண்ணுக்கு வாடிக்கையாளரின் காது பெரிதாகவும் மற்றக் கண்ணுக்கு அளவாகவும் தெரிந்தது. எந்தக் காதை நம்பிக் கத்தி வைப்பது? ஒருவர் காதில் கீறல் விழுந்த அன்றே சவரத்தை நிறுத்திவிட்டார். கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். முடிவெட்டு அவளுக்குக் கைவந்தது, சவரம் வரவில்லை.

மறுபடி அறுவை என்றதும் அவளுடைய அண்ணன் வந்து இறங்கினார். வேலையில் குமாஸ்தா, பேச்சில் பேராசிரியர்.

"மாப்பிள்ளே, இது ஒண்ணுமே இல்ல. பல்பு மாத்துற மாதிரி. நான் கூட இருக்கேன்ல?"

டாக்டரம்மா அப்படிப் பேசவில்லை. "பை இல்லாததால லென்ஸைக் கண்ணோட வெள்ளைச் சுவர்ல பொருத்தணும். பெரும்பாலும் நல்லா வரும். ஆனா கண்ணுல அழுத்தம் ஏறலாம், ரத்தம் கசியலாம், கிருமி தொத்தலாம், விழித்திரை வீங்கலாம், விலகக்கூடச் செய்யலாம். லென்ஸ் சாய்ஞ்சா திரும்ப ஆபரேஷன். படிக்கக் கண்ணாடி எப்படியும் வேணும்."

ஒவ்வோர் ஆபத்துக்கும் மச்சானின் முகம் ஒரு சுற்று வெளுத்தது. நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார்.

"அண்ணா, ஆபரேஷன் உனக்கில்ல," என்றாள் தங்கை.

அறுவை நல்லபடி முடிந்தது. ஆனால் சில நாளில் கண் வலித்தது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. அழுத்தம் ஏறியிருந்தது. இனி சவரம் அவ்வளவுதான் என்று சலூன்காரர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். டாக்டரம்மா மருந்தை மாற்றி, கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம் தவறக் கூடாது என்றார். மனைவியோ கடையில். லீவு போட்டு வந்து உட்கார்ந்தவர் மச்சான்தான். சொட்டுக்கொரு பிரசங்கம் உண்டு; டாக்டரம்மாவே தன்னைக் கேட்டுத்தான் மருந்தை மாற்றியதாகவும் ஒரு நாள் சொன்னார். ஆனால் ஒரு சொட்டுகூடத் தவறவில்லை. சோப்புப் போட்டுக் கைகழுவாமல் அவர் கண்ணருகே வந்ததும் இல்லை.

அழுத்தம் இறங்கியது. வாரங்கள் போக, காதுகள் ஒரே அளவுக்கு வந்தன.

"வேலைக்குப் போலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா கண்ணுல மின்னல் அடிச்சாலோ, கருப்புப் புள்ளி கூடினாலோ அன்னிக்கே ஓடி வரணும்."

சலூன்காரர் கடைக்கு வந்து, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தியைக் கையில் எடுத்தார். காத்திருந்தவர்களுக்குத் திடீரென்று செய்தித்தாள் சுவாரசியமாகிவிட்டது. ஒருவருக்கு வீட்டில் அடுப்பை அணைக்காதது ஞாபகம் வந்தது.

மச்சான் எழுந்தார். "எனக்குப் போடுங்க மாப்பிள்ளே. நவீன மருத்துவத்துல எனக்கு முழு நம்பிக்கை!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். அறிவித்த கையோடு நாற்காலியில் ஏறி, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

சலூன்காரர் நுரை தடவிக் குனிந்தார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது: மை பூசிய மீசையின் அடியில் நரை, நெற்றியில் வியர்வை, ஏறி இறங்கும் தொண்டை. இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாரே இந்த மனுஷன்! சலூன்காரருக்கு நெஞ்சு நிறைந்தது.

"மச்சான், மூச்சு விடுங்க. கழுத்துக்கு வரப்போறேன்."

"கன்னத்தோட நிறுத்திக்கலாமே மாப்பிள்ளே?"

சலூன்காரர் சிரித்தபடி அவர் மோவாயை இரண்டு விரலால் மெல்ல உயர்த்தினார். கத்தி சீராக இறங்கியது.