ஒரு கிட்டார் போதும்

என் மைத்துனனுக்கு எப்போதுமே தலைக்கனம். இசைக்குழுவில் பாடுவது அவன், முடிவெடுப்பது அவன், விரல் தேய வாசிப்பது நான். செவ்வாய்க்கிழமை மதியம் பயிற்சி அறைக்குள் நுழைந்தால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு நாற்காலி. கண்ணாடி போட்ட ஒருவன் மடியில் கிட்டாரோடு அதில் உட்கார்ந்திருந்தான்.

“ஒரு கிட்டார் ஒல்லியா கேக்குது மாமா. இனிமே ரெண்டு பேர்” என்றான் மைத்துனன், என் முகத்தைப் பார்க்காமல்.

பதினொரு வருடமாக இந்தக் குழுவில் கிட்டார் என்றால் நான் மட்டும்தான். இன்று பக்கத்தில் உட்காருபவன் நாளைக்கு என்னை எழுப்பிவிடுவான், அது எனக்குத் தெரியாதா?

“இவன் எதுக்கு? அலமாரியில நம்ம கோரஸ் பெட்டி சும்மாதானே தூங்குது. ஒரு கிட்டார ரெண்டா கேக்க வைக்கத்தானே அது இருக்கு?”

“நீங்கதான் அதத் தொடவே மாட்டீங்களே.”

“இப்பத் தொடுறேன்.”

குழுவுக்கென்று வாங்கிய பெட்டி அது. தூசி தட்டி, காலடியில் வைத்து, ஒயரைச் செருகினேன். உள்ளே போகும் சத்தத்தை அது ஒரு நகல் எடுக்கும். நகலைத் துளி தாமதமாக்கி, சுருதியை லேசாக ஆட்டி, அசலோடு சேர்த்து வெளியே விடும். எவ்வளவு வேகமாக ஆட்டுவது, எவ்வளவு ஆழமாக ஆட்டுவது, அசலோடு எவ்வளவு கலப்பது என்று மூன்று குமிழ்கள். சொல்வதற்கு சுலபம். கோபத்தோடு திருகினால் ஒன்றுகூட பேச்சைக் கேட்காது.

வேகத்தை ஏற்றினேன். கிட்டாருக்குக் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. மைத்துனன் களுக்கென்று சிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன், ஆழத்தைக் கூட்டினேன். சுருதியே விலகிப்போய்க் கேட்கச் சகிக்கவில்லை.

“மிக்ஸ கொஞ்சம் குறைச்சா சரியாயிடும்ணே” என்றான் கண்ணாடிக்காரன்.

“உன்னைக் கேட்டேனா?”

பத்து நிமிடம் கழித்து, அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து மிக்ஸைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். படுபாவி சொன்னது சரிதான். பிறகு ஆழத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். சட்டென்று கிட்டார் தடித்தது. எனக்குப் பக்கத்தில் இன்னொருவன் சேர்ந்து வாசிப்பது போலவே இருந்தது. குமிழ்கள் அசையாமல் இருக்க மூன்றிலும் டேப் ஒட்டினேன்.

“சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லு. வாசிக்கிறது ஒருத்தனா ரெண்டு பேரான்னு சொல்லு.”

மைத்துனன் நின்றான். முதலில் பெட்டியை அணைத்துவிட்டு நானும் கண்ணாடிக்காரனும் சேர்ந்து வாசித்தோம். “ரெண்டு பேர்” என்றான். அடுத்து பெட்டியைப் போட்டு நான் மட்டும் வாசித்தேன். அதற்கும் “ரெண்டு பேர்” என்றான்.

“திரும்பிப் பாருடா!” என்று கத்தினேன். “அவன் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கான். ஒரு ஆள் போதும்னு இப்பவாவது ஒத்துக்கிறியா?”

மைத்துனன் தாடையைச் சொறிந்தான். “ஒயரை அவன்கிட்ட குடுங்க மாமா. அவனும் தனியா வாசிக்கட்டும்.”

குட்டு வெளிப்படட்டும் என்று சந்தோஷமாகவே கொடுத்தேன். கண்ணாடிக்காரன் அதே பாட்டை வாசித்தான். அதே தடிமன், அதே இரண்டு பேர். ஒரு குறையாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை.

“நீங்க சொன்னதுதான் சரி மாமா, ஒரு ஆள் போதும்” என்றான் மைத்துனன். “இவன் யார்கூடயும் சண்டைக்கு நிக்க மாட்டான். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

என் வாயாலேயே நான் கெட்டேன். ஆத்திரத்தில் குனிந்து டேப்பைப் பிய்க்கக் கையை நீட்டினேன்.

“ஐயோ, அதத் தொடாதீங்க!” என்று மைத்துனன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். “ரொம்ப அழகா வெச்சிருக்கீங்க.”

பதினொரு வருடத்தில் அவன் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.