மதுவந்தியைக் காணோம்

சௌரிராஜனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதில் ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்தக் கையெழுத்தின் பலத்தில், ஓய்வு பெற்ற பிறகும் வீதியில் யாருடைய மொபைல் மக்கர் பண்ணினாலும் அவரிடம்தான் வந்தது. வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ" என்பார். பெரும்பாலும் சரியாகிவிடும். புகழ் இப்படித்தான் சேர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் சரியாகவில்லை.

"குமுதா, இந்த ரூமுக்குள்ள வராதே. எதையும் தொடாதே."

"ஏன்னா, தீட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி குமுதவல்லி உள்ளே வந்துவிட்டார்.

"வைரஸ்."

திரை முழுக்கச் சிவப்புக் கட்டம். அதில் கொட்டை எழுத்தில் ஆங்கிலம்: உங்கள் கோப்புகள் சிதைந்துகொண்டிருக்கின்றன, உடனே கீழ்க்கண்ட எண்ணுக்குப் பேசவும். கூடவே ஆம்புலன்ஸ் போல ஓர் ஊளை. சௌரிராஜன் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஊளை நிற்கவில்லை.

"என் புஸ்தகம்?" என்றார் குமுதவல்லி.

அதுதான் கேள்வி. குமுதவல்லி பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். நதிகளைப் பற்றிய குழந்தைகள் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி சென்னைப் பதிப்பகம் ஒன்று கேட்டிருந்தது. அடுப்படியில் தளிகை முடித்துவிட்டு மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து அடித்தார். கடைசி இரண்டு பக்கம்தான் பாக்கி. நாளைக்கு அனுப்பியாக வேண்டும். அட்டையில் அவர் பெயர் வரப்போகிற முதல் புத்தகம். பிரதி இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

சௌரிராஜன் துண்டை விலக்கி, கட்டத்தை ஓரமாகத் தள்ளி, அந்தக் கோப்பைத் திறந்து காட்டினார். தமிழ் இல்லை. 'è£MK' என்று தொடங்கி, பக்கம் பக்கமாகப் பூச்சிகள் ஊர்ந்தன.

"சாப்பிட்டுடுத்து," என்றார், இழவு வீட்டுக் குரலில். "எழுத்தைப் பூரா சாப்பிட்டுடுத்து."

குமுதவல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதிப்பகத்துக்காக யூனிகோடுக்கு மாத்தித் தரேன்னு நேத்து உட்கார்ந்தேளே, என்ன பண்ணினேள்?"

"நான் ஒண்ணுமே பண்ணலை."

கம்ப்யூட்டர் கெட்டுப்போன எல்லா வீடுகளிலும் முதலில் கேட்கும் வாக்கியம் இது.

"அழாதே. கம்பெனிக்காரனே நம்பர் கொடுத்திருக்கான் பார். எத்தனை பொறுப்பு!" என்று சௌரிராஜன் போனை எடுத்தார்.

மறுமுனையில் எடுத்தவன் தன் பெயர் டேவிட் வில்சன் என்றான். அந்தக் குரலில் டேவிட்டும் இல்லை, வில்சனும் இல்லை. ஆனால் வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு சௌரிராஜனை இப்படி யாரும் அழைத்ததில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், யுவர் கம்ப்யூட்டர் இஸ் ஹேவிங் வைரஸ், சார்."

"'ஹேஸ்' எ வைரஸ்," என்று திருத்தினார் சௌரிராஜன். பிறகு அதற்கான விதியை விளக்கினார். வில்சன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கேட்டு முடித்து, தான் சொல்கிற ஒரு செயலியை உடனே இறக்கி, தான் கேட்கிற எண்களைப் படித்தால், அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் மீட்டுத் தருவதாகச் சொன்னான்.

சௌரிராஜன் கை மவுஸை நோக்கிப் போனது. வழியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"மிஸ்டர் வில்சன், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. மூணுலேர்ந்து நாலரை ராகுகாலம். புதுசா எதையும் ஆரம்பிக்கிற வழக்கமில்லை," என்று இதையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னார்.

பயிற்சியில் அவனுக்கு எத்தனையோ சாக்குகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இது அதில் இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து என்றான். ஹேக்கர்கள் ராகுகாலம் பார்க்க மாட்டார்கள் என்றான்.

"அதனாலதான் அவா உருப்படறதில்லை," என்றார் சௌரிராஜன். "நாலரைக்கு மேல கூப்பிடும்."

போனை வைத்ததும் குமுதவல்லி தன் போனை எடுத்தார். மன்னார்புரத்தில் இருக்கும் பேட்ரிசியா டீச்சர், அவரோடு ஒரே பள்ளியில் தமிழ் எடுத்தவர். பேசியது இரண்டே வார்த்தை: "பேட்ரிசியா, வாயேன்."

பேட்ரிசியா ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி வந்து இறங்கினார். வாசலிலேயே ஊளை கேட்டது.

"என்ன சார், வீட்டுக்குள்ள ஆம்புலன்ஸ் வச்சிருக்கீங்க?"

"வாங்கோ டீச்சர். நிலைமை கட்டுக்குள்ள இருக்கு. கம்பெனியோட பேசிட்டேன். நாலரைக்கு அவாளே—"

"எந்தக் கம்பெனி சார்? எந்தக் கம்பெனிக்காரனாச்சும் உங்க வீட்டுத் திரையில வந்து போன் நம்பர் எழுதிட்டுப் போவானா? கேபிள் போச்சுன்னு நாம கூப்பிட்டாலே எடுக்க மாட்டான்." சொல்லிக்கொண்டே பேட்ரிசியா குனிந்து, வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். "முதல்ல இது. அவனுக்கும் நமக்கும் நடுவுல கதவைச் சாத்தியாச்சு. என் தம்பி வீட்டுலயும் இதே கூத்து நடந்துச்சு. இப்ப சொல்லுங்க, என்னத்த இறக்கினீங்க?"

"ஒண்ணும் இறக்கலை."

"சார்."

"ஒரே ஒரு மாற்றி. தமிழ் எழுத்தை யூனிகோடுக்கு மாத்தறது. இலவசம்னு போட்டிருந்தது."

"எழுத்தை மாத்துச்சா?"

"இல்லை. ஊளைதான் விட்டது."

பேட்ரிசியா அந்தக் கட்டத்தை மூடினார். நேற்று நுழைந்த நிரல்களைத் தேடி, 'மாற்றி'யையும் அதன் முதுகில் ஏறி வந்திருந்த இன்னும் இரண்டையும் நீக்கினார். கம்ப்யூட்டரிலேயே இருந்த வைரஸ் காவலைத் தட்டி எழுப்பி, எல்லாவற்றையும் தேடச் சொன்னார். அது சாவகாசமாகத் தேட ஆரம்பித்தது. ஊளை நின்றபோதுதான் வீதியில் காய்கறி வண்டிக்காரர் கத்துவது கேட்டது.

"அது தேடட்டும். நீங்க மொபைல்ல மெயில் பாஸ்வேர்டையும் பேங்க் பாஸ்வேர்டையும் மாத்துங்க. இப்ப என்ன வச்சிருக்கீங்க?"

"அது பரம ரகசியம்."

"ரங்கநாதாவும் வீட்டு நம்பரும்," என்றார் குமுதவல்லி. "இந்த வீதியில பாதிப் பேருக்கு அதுதான்."

சௌரிராஜன் முகம் திருப்பிக்கொண்டு மாற்ற ஆரம்பித்தார். தேடல் முடிந்து, இரண்டு பொல்லாததுகள் சிக்கின, அடைத்தாயிற்று என்று திரை சொன்னது. குமுதவல்லிக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை.

"என் கோப்பைத் திற, பேட்ரிசியா."

பூச்சிகள் மறுபடி ஊர்ந்தன. பேட்ரிசியா உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிக்காதே. என் உசுரே போயிடுத்து."

"அடியே, இதை நான் எத்தனை வருஷம் பார்த்திருக்கேன்! கொஸ்டின் பேப்பர் அடிக்கக் கொடுத்தா அச்சகத்துல இப்படித்தான் வரும். ஒரு தடவை இப்படியே பிரிண்ட் ஆகி வந்துடுச்சு. ஒருத்தி அதுக்கும் ஒரு பக்கம் பதில் எழுதியிருந்தா." விரலைத் திரையில் வைத்தார். "இந்த நாலு பூச்சி இருக்கு பாரு, இது காவிரி. எழுத்து எங்கயும் போகலை. உடுத்தியிருந்த எழுத்துரு, அந்த ஃபான்ட்தான் போயிருக்கு. எதுல அடிச்சே?"

"மதுவந்தி."

பேட்ரிசியா எழுத்துருப் பட்டியலைப் பார்த்தார். "மதுவந்தியைக் காணோம்."

சௌரிராஜன் மொபைலுக்குள் இன்னும் ஆழமாகக் குனிந்தார்.

"ஏன்னா," என்றார் குமுதவல்லி மெதுவாக. "மதுவந்தியை என்ன பண்ணினேள்?"

"வைரஸ் எங்க இருக்குன்னு தேடினேன்," என்றார் அவர். "அறிமுகமில்லாத பேரா இருந்ததையெல்லாம் அழிச்சேன். மதுவந்தின்னு ஒண்ணு. எனக்கு அப்படி யாரையும் தெரியாதே! என் கம்ப்யூட்டர்ல ஒரு பொம்மனாட்டி பேர் எதுக்கு? நாளைக்கு யாராவது பார்த்தா என்ன நினைப்பா?"

பேட்ரிசியா மேசையில் தலையை வைத்துக்கொண்டார். தமிழ் எழுத்துருக்களுக்குப் பெண் பெயராகப் பார்த்து வைத்த யாரோ ஒரு புண்ணியவான், இப்படி ஒரு கண்ணியவான் வருவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பழைய வினாத்தாள்களோடு மதுவந்தியும் பேட்ரிசியாவின் பென்டிரைவில் இருந்தாள். நிறுவி, கோப்பைத் திறந்தார்கள். பூச்சிகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு மொத்தமாகத் தமிழாயின.

"காவிரி நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள்," என்று குமுதவல்லி வாய்விட்டுப் படித்தார். அடுத்த வரியையும் படித்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க அல்ல.

அப்போது சௌரிராஜனின் போன் அடித்தது. கடிகாரம் நாலரையைக் காட்டியது. ராகுகாலத்தை இத்தனை சிரத்தையாக அனுசரித்த திருடனை ஸ்ரீரங்கமே பார்த்திருக்காது.

"சார், யுவர் கம்ப்யூட்டர் ஹேஸ் எ வைரஸ், சார்," என்றான் வில்சன். திருந்தியிருந்தான். கோப்புகள் எல்லாம் அழிந்துகொண்டிருப்பதாகவும், சாரைப் போன்ற விஷயம் தெரிந்தவர்கள் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னான்.

சௌரிராஜன் திரையைப் பார்த்தார். மனைவி இன்னும் படித்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எதிரிலிருந்த இரண்டு பெண்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"மிஸ்டர் வில்சன், ஐ டோன்ட் நோ கம்ப்யூட்டர்ஸ்."

அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. பேட்ரிசியா அந்த எண்ணைத் தடுத்து, சைபர் புகாருக்கு எங்கே பேசுவது என்றும் சொன்னார்.

குமுதவல்லி பதிப்பகத்து மேகனாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். யூனிகோடாகத்தான் வேண்டுமென்றால் ஒரு நாள் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டார்.

"ஐயோ மேம், முடிஞ்சாதான் யூனிகோடுன்னு சொன்னேன். பழைய ஃபான்ட்லயே அனுப்புங்க, இங்க நாங்களே மாத்திக்குவோம். தினம் பண்றதுதான். எதுக்கும் இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு அனுப்பிடுங்க, நாங்களும் பார்த்துக்கறோம். அப்புறம், அட்டையில உங்க பேரை எப்படிப் போடணும்?"

"குமுதவல்லி," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "குமுதவல்லி மட்டும்" என்றார்.

பேட்ரிசியா காபி குடித்துவிட்டு, பிரதி ஒன்றைப் பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். குமுதவல்லி அந்த இரண்டு பக்கத்தை முடிக்க உட்கார்ந்தார். சௌரிராஜன் காலி டம்ளர்களைத் தாமே எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும் இடம் திரையில் வந்தது.

"குமுதா."

"ம்?"

"டிஸ்ட்ரிபியூட்டரி. அதுக்குத் தமிழ்ல என்ன?"

குமுதவல்லியின் விரல்கள் நின்றன. பதில் தெரியாமல் கணவர் ஒரு கேள்வி கேட்டதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"கிளையாறு," என்றார்.

சௌரிராஜன் தலையை ஆட்டினார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்."