இரண்டு வரி அடிக்குறிப்பு

அக்காவின் நெஞ்சுக்குள் இருந்த கடிகாரச் சத்தம் அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். எல்லோரும் என்றால் யார், அவளும் தம்பியும்தான். நாலு வருடத்துக்கு முன் அவளுடைய இதய வால்வு கெட்டுப்போய், செயற்கை வால்வு ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். மின்விசிறியை நிறுத்தினால் போதும், அது டிக் டிக்கென்று அடுத்த நாற்காலி வரைக்கும் கேட்கும். "திருடன் வந்தாக்கூட நான் ஒளிஞ்சுக்க முடியாதுடா, இது காட்டிக் கொடுத்துடும்" என்று அவளே சிரிப்பாள். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும். ஒருநாள் பாக்கி இல்லாமல், உயிர் உள்ளவரை.

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்மா போனபின் அக்காதான் அவனுக்குச் சோறு போட்டு, பொத்தான் தைக்கும் வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனும் செய்துகொள்ளவில்லை. அவன் வேதப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகத்தில் பக்கம் அமைப்பவன். அங்கே அவனுக்கு வரிவெட்டி என்று பட்டப்பெயர். பக்கத்தைவிட்டு இரண்டு வரி வழிந்தால் மற்றவர்கள் தலையைச் சொறிவார்கள். இவன் எழுத்தை இம்மியளவு சுருக்கி, இடைவெளியை இறுக்கி, கண்ணுக்குத் தெரியாமல் அடக்கிவிடுவான். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை வேறு. பாழாய்ப்போன பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைப் பொத்தான் அறுந்ததென்று ஊசி தேடி அக்காவின் தகர டப்பாவைத் திறந்தான். உள்ளே மாத்திரை அட்டைகள் அப்படியே கிடந்தன. எண்ணிப் பார்த்தான். மூன்று வாரத்து மாத்திரை.

"என்னக்கா இது?"

"நிறுத்திட்டேன்" என்றாள் அக்கா, பால்காரரை நிறுத்தியதுபோல. "ஜெபக்கூட்டத்து அம்மா என் நெஞ்சுல கை வச்சு ஜெபிச்சாங்க. எனக்குள்ள சூடா ஒண்ணு இறங்குச்சுடா. சுகமாயிட்டேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"நாலு வருஷமா மாசாமாசம் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, லேசா இடிச்சாக்கூட உடம்பெல்லாம் கன்னிப்போயி, பல்லு விளக்கினா ரத்தம். நீ ஒருநாள் அனுபவிச்சுப் பாரு, அப்புறம் பேசு." அவள் தலையணைக்கு அடியிலிருந்து சின்னப் புதிய ஏற்பாட்டை எடுத்துப் பிரித்தாள். "மாற்கு எழுதின சுவிசேஷத்துல கடைசிப் பக்கம். விசுவாசிக்கிறவங்க வியாதிக்காரங்க மேல கை வச்சா சொஸ்தமாவாங்கன்னு ஆண்டவரே தன் வாயால சொல்லியிருக்காரு. நீ அச்சடிச்ச புத்தகம்தானே? படி."

அவன் படிக்கவில்லை. பக்கத்தின் அடியைப் பார்த்தான். அங்கே குறிப்பு இல்லை.

அந்தப் பக்கத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். பெரிய பதிப்பில் அங்கே இரண்டு வரி அடிக்குறிப்பு உண்டு. இந்தக் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று சொல்லும் குறிப்பு. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னப் பதிப்பைப் போட்டபோது சரியாக அந்த இரண்டு வரிதான் வழிந்தது. அடுத்த சுவிசேஷம் புதுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். வழிய விட்டால் இரண்டு வரிக்காக ஒரு முழுப் பக்கம், அந்த ஒரு பக்கத்துக்காகப் பதினாறு பக்கம் கொண்ட இன்னொரு ஃபாரமே கூடுதலாக அச்சடிக்க வேண்டும். எழுத்தைச் சுருக்கிப் பார்த்தான், இடைவெளியை இறுக்கிப் பார்த்தான், மசியவில்லை. வசனத்தில் கை வைக்க முடியுமா? குறிப்பைத் தூக்கிவிட்டான். மேலே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவன் மறந்தும் போனான். இலவசப் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தவனும் அவனேதான்.

அன்றைக்கே மருத்துவரிடம் ஓடினான். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மூணு வாரமா? எப்ப வேணாலும் கட்டிக்கும். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. அந்தச் சத்தம் மந்தமாயிடுச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க."

மறுநாள் அச்சக மாடியில் இருந்த கிரேக்கத்திடம் போனான். அந்தப் பெண் அங்கே மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவள். புதிய ஏற்பாட்டின் மூல மொழி தெரிந்தவள் என்பதால் அச்சகமே அவளைக் கிரேக்கம் என்றுதான் கூப்பிடும். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அக்காவை வாதத்தில் மடக்க வேண்டும், அதற்கு ஆயுதம் வேண்டும் என்பது அவன் கணக்கு.

"அந்தப் பழைய பிரதிகள்ல எங்க முடியுதும்மா?" என்று கேட்டான்.

"எட்டாவது வசனத்தோட நின்னுடுதுண்ணே. ஆண்டவர் எழுந்துட்டார்னு கல்லறையில கேட்ட பெண்கள் நடுங்கிப்போய் ஓடறாங்க. பயத்துல யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. அவ்வளவுதான்." அவள் புரூஃபை ஒதுக்கி வைத்தாள். "அப்புறம் வர்றது வேற யாரோ பின்னால சேர்த்ததுன்னுதான் நிறைய பேர் சொல்றாங்க. நடையே வேற. மாற்கு உடனே, உடனேன்னு மூச்சுவிடாம சொல்ற ஆளு. இந்தப் பன்னிரண்டுல அந்த வார்த்தை ஒரு தடவைகூட இல்லை. ஒரு பிரதியில, எழுதினவர் அந்த இடத்துல ஒரு பத்தியையே வெறுமையா விட்டிருக்கார்."

வரிவெட்டி நிமிர்ந்தான். "மேட்டர் வரவேண்டியிருந்தா நாங்களும் அப்படித்தான் இடம் விடுவோம்."

"அப்படியும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்?"

"அப்ப எதுக்குச் சேர்த்தாங்க?"

"பயத்தோட முடியிற சேதியை எத்தனை நாள்ணே தாங்க முடியும்? அந்தக் காலத்துல விசுவாசிகளைப் பிடிச்சு அடைச்சாங்க, கொன்னாங்க. தெம்பா ஒரு முடிவு வேணும்னு யாரோ எழுதியிருக்கலாம். பொய்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதை மருந்துச் சீட்டா எழுதலை." சட்டென்று அவள் நெற்றி சுருங்கியது. "ஏண்ணே, இதைத்தான் நான் குறிப்பா எழுதிக் கொடுத்தேனே, அடியில இல்லையா?"

"இருக்கும்மா" என்று மென்று விழுங்கிவிட்டுக் கீழே இறங்கினான்.

சாயங்காலம் பெரிய பதிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைப் பிரித்து, அடியில் விரல் வைத்து, கிரேக்கம் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். பிரதிகள், வெறும் பத்தி, ஓடிய பெண்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பை எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள். அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"இது எப்ப போட்டது?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"என்கிட்ட இருக்கிறது?"

"போன வருஷம்."

"அப்புறம் என்னடா? பழசுல தப்பா ஒரு வரியைச் சேர்த்துட்டாங்க. புதுசுல திருத்தி எடுத்துட்டாங்க."

இப்படி ஒரு பதிலுக்கு அவன் தயாராக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைக் கக்கினான். "யாரும் திருத்தலைக்கா. நான்தான் எடுத்தேன். இடம் பத்தலை. யாரையும் கேக்காம நானே தூக்கிட்டேன்."

அக்கா அவனையே பார்த்தாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் முகம் மலர்ந்தது.

"எத்தனை பக்கம் அமைச்சிருப்பே நீ? எத்தனை குறிப்பு இருந்திருக்கும்? எனக்கு வேண்டிய பக்கத்துல அந்த ரெண்டு வரியை மட்டும் உன் கையாலயே எடுக்க வச்சிருக்காரு பாரு."

"அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். ஒரே ஒரு மாத்திரை."

"பயந்து ஓடினவங்களோட கதையை முடிச்சா நான் எதைப் பிடிச்சுக்கிறதுடா?" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. பிறகு சின்னப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பத்து நாளும் அவன் செய்யாத தகிடுதத்தம் இல்லை. மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் போட்டான். முதல் வாயிலேயே கண்டுபிடித்துத் தொட்டியில் கொட்டினாள். ஜெபக்கூட்டத்து அம்மாவிடம் போய்க் கெஞ்சினான். மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவேயில்லை என்று அந்த அம்மா கதவைச் சாத்தினாள். அச்சகத்தில் முதலாளியிடம் போய்க் குறிப்பு விடுபட்டதை ஒப்புக்கொண்டான். "அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம், விடுங்க" என்றார் அவர். அவனுக்கு அழுகை வந்தது.

பதினோராம் நாள் வேலை முடிந்து வந்தபோது மின்விசிறி ஓடாமல் நின்றிருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு லேசாக நீலம் பாரித்து, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. ஆனால் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவன் உடனே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டான். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

"எதுக்குடா அவங்களை..." என்றாள் அக்கா, மூச்சுக்கு நடுவே. "உனக்கு இன்னும் நம்பிக்கை வரலையா? இங்க வந்து கேளு. அந்தச் சனியன் பிடிச்ச சத்தம் நின்னுடுச்சு. என் சொந்த நெஞ்சு மாதிரி ஆயிடுச்சு."

அவன் குனிந்து அவள் மார்பில் காதை வைத்தான். சத்தம் நிற்கவில்லை. கெட்டித் துணி விரித்த மேசையில் விரலால் தட்டுவதுபோல, எங்கோ அடியில், மந்தமாக, தடுமாறித் தடுமாறிக் கேட்டது. அக்கா சின்னப் பிள்ளைக்குத் தடவுவதுபோல அவன் தலையைத் தடவினாள்.

"கேட்டியா? சொல்லுடா. நின்னுடுச்சுதானே?"

அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. காதை எடுக்கவும் பயமாக இருந்தது.